அண்ணன் கையில் மட்டும் நின்ற கடிகாரம்

என் அண்ணனின் கைக்கடிகாரம் முதல் தடவை நின்றது ஒரு பொங்கலுக்கு மறுநாள். காலையில் குளித்துவிட்டு வந்து மேஜையிலிருந்து எடுத்தபோது அது ஐந்தே காலைக் காட்டிக்கொண்டிருந்தது. சுவரில் மணி ஏழு. அவர் அதைக் கையில் மாட்டி இரண்டு தடவை உதறினார். ஓடியது. பனியன் கம்பெனிக்குக் கிளம்பிப் போய்விட்டார். முப்பத்தைந்து வருடமாக ஒரே கையில் கிடக்கும் பொருள், வயதாகிவிட்டது என்றார்கள் வீட்டில். வயதானது எதற்கு என்று அன்றைக்கு யாராவது கேட்டிருக்கலாம். கேட்டிருக்க வேண்டியவள் நான்.

சுங்கத்துறையில் முப்பத்து நான்கு வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். அதிலும் மதிப்பீட்டுப் பிரிவு. விமான நிலையத்தில் பயணியின் முகத்தைப் பார்த்தே பெட்டியைத் திறக்கச் சொல்கிறவர்கள் வேறு பிரிவு. எங்களுக்கு ஆளைப் பார்க்கும் வேலை இல்லை. சரக்கு வரும், அதன் பின்னாலேயே காகிதம் வரும். இரண்டும் ஒத்துப்போகின்றனவா என்று பார்த்துக் கையெழுத்துப் போடுவோம். நான் சேர்ந்த புதிதில், பிடிபட்ட வெளிநாட்டுக் கடிகாரங்கள் மூட்டை மூட்டையாகக் கிடங்குக்கு வரும். உள்பனியனில் தைத்து வைத்தவை, டார்ச் லைட்டுக்குள் பேட்டரிக்குப் பதிலாகப் போட்டு வந்தவை. ஒவ்வொன்றையும் பின்மூடி திறந்து, உள்ளே உள்ள எண்ணைக் குறித்து, அசலா போலியா என்று எழுத வேண்டும். அப்படித்தான் எனக்குக் கடிகாரம் படிக்க வந்தது. ஆர்வத்தால் வந்ததில்லை, உத்தரவால் வந்தது.

அண்ணனின் கடிகாரம் சுவிட்சர்லாந்தில் செய்தது. பெயரைச் சொன்னால் எல்லோருக்கும் தெரியும், அதனால் சொல்லவில்லை. முதல் ஏற்றுமதி ஆர்டரை அனுப்பி முடித்தபோது வெளிநாட்டு வியாபாரி பரிசாகக் கொடுத்தது என்பார். வேறு சமயங்களில் பம்பாயில் வாங்கியது என்பார். ரசீது எங்கே என்று நான் கேட்டதில்லை. தெரிந்தே நான் கைவிட்ட நடைமுறை அது ஒன்றுதான் என்று அதுவரை நினைத்திருந்தேன்.

அந்தக் கடிகாரத்துக்குச் சாவி கொடுக்க வேண்டியதில்லை. உள்ளே அரைவட்டமாக ஓர் உலோகத் தட்டு இருக்கிறது. கை ஆடினால் தட்டு சுழலும், தட்டு சுழன்றால் சுருள்வில் இறுகும். பகலெல்லாம் கையில் கிடந்தால் போதும், இரவில் கழற்றி வைத்தாலும் மறுநாள் சாயங்காலம்வரை ஓடும். கட்டியிருப்பவரின் கைவீச்சுதான் அதற்குத் தீனி. பேட்டரி கிடையாது.

ஓய்வு பெற்றபின் நான் அண்ணன் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளிக் குடிவந்திருந்தேன். பொங்கல் கழிந்த இரண்டாவது வாரம், அண்ணன் மனைவி என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். எங்கள் பக்கம் அண்ணன் மனைவியை நங்கை என்போம். நங்கை சுற்றிவளைத்துப் பேசுகிறவர் இல்லை.

"அம்மிணி, அந்த வாட்ச்ச என்னன்னு பாரு. தெனமும் காலைல நின்னுக்கிட்டு இருக்குது. எடுத்துப் பாத்தா எனக்கு என்னமோ மாதிரி இருக்குது."

அண்ணன் சோபாவில் உட்கார்ந்து சிரித்தார். "கஸ்டம்ஸ்காரிகிட்டக் குடுத்தா திரும்பி வருமா? சீல் வெச்சு உள்ள போட்டுருவா."

"ரசீது காட்டுனீங்கன்னா திருப்பித் தருவேனுங்ணா."

"பாத்தியா, முப்பத்தஞ்சு வருசம் கழிச்சுக் கேக்கறா!"

அவர் இடது கையை நீட்டினார். கொக்கியை நானே கழற்றினேன். இதை இப்போது எழுதும்போது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது: கையை நீட்டினாரே தவிர, திருப்பிக் கொடுக்கவில்லை. கொக்கி அடிப்பக்கம் இருந்தது. மணிக்கட்டைப் பிடித்துத் திருப்பியது நான். திருப்பும்போது அது எண்ணெய் போடாத கீல் மாதிரி விட்டுவிட்டு அசைந்தது. என் கவனம் முழுவதும் கொக்கியில் இருந்தது.

நடைமுறைப்படி எல்லாம் செய்தேன். வாங்கிக்கொண்டதாக ஒரு துண்டுச் சீட்டு எழுதிக் கொடுத்தேன், அண்ணன் அதை வாய்விட்டுப் படித்து நங்கைக்குக் காட்டினார். கடிகாரத்தைப் பத்து நாள் என் கையில் கட்டிக்கொண்டு நடந்தேன். தினமும் ஒரே நேரத்தில் வானொலி மணியோடு ஒப்பிட்டுக் குறித்தேன். நாளுக்கு ஆறு விநாடி முன்னால் ஓடியது. அந்த வயதுக்கு அது பாராட்டத்தக்க ஒழுக்கம். ஒருமுறைகூட நிற்கவில்லை. சந்தேகம் தீராமல் கோயம்புத்தூரில் உள்ள சர்வீஸ் கடைக்கு எடுத்துப் போனேன். மூன்று வாரம் வைத்திருந்து, பிரித்துத் துடைத்து எண்ணெய் மாற்றி, பழுது எதுவும் இல்லை என்று அச்சடித்த தாளோடு கொடுத்தார்கள். தாளை மடித்துக் கடிகாரத்தோடு அண்ணனிடம் ஒப்படைத்தேன். சரக்கு சரியாக இருக்கிறது, கோப்பு முடிந்தது.

நாலாம் நாள் காலை நங்கையின் போன். "நின்னு போச்சு. மூணே முக்கால்."

அதற்கப்புறம் அவர் தினமும் காலையில் கூப்பிட ஆரம்பித்தார். வணக்கமெல்லாம் இல்லை. மணியை மட்டும் சொல்வார், நான் டைரியில் எழுதிக்கொள்வேன். மூன்றரை. மூன்று பத்து. மறுபடி மூன்றரை. சித்திரை வந்தபோது ஒன்றே முக்கால். வைகாசியில் பன்னிரண்டு, அதற்கப்புறம் பத்தரை. எழுதி முடித்து அந்தப் பக்கத்தைப் பார்த்தால், ஏதோ ஒன்று விடியலில் இருந்து நடுநிசியை நோக்கி, நடுநிசியில் இருந்து சாயங்காலத்தை நோக்கி, மெதுவாகப் பின்வாங்கி வருவது தெரிந்தது. அது எங்கே வந்து சேரப் போகிறது என்று யோசித்ததுண்டு. சுருள்வில் தளர்கிறது என்று எழுதி, பக்கத்தில் கேள்விக்குறி போட்டேன்.

ஆனி மாதம் ஒரு நாள், கம்பெனியில் அண்ணன் கையில் கட்டியிருக்கும்போதே, பட்டப்பகல் நாலு மணிக்கு அது நின்றது.

இந்த இடத்தில் அண்ணன் மகன், எனக்கு மருமகன், வருகிறான். கம்பெனியை இப்போது நடத்துவது அவன்தான். அப்பாவுக்கு எழுபத்தைந்து முடிகிறது என்று அதே சுவிஸ் நிறுவனத்தின் அதே மாடலில் இன்றைய தலைமுறைக் கடிகாரத்தைப் பதிவு செய்து வைத்திருந்தான். பதிவு செய்து பதினான்கு மாதம் காத்திருந்தான். காசு கொடுக்கத் தயாராக இருப்பவருக்கு, அதைக் கொடுக்கும் தகுதி உண்டா என்று கடைக்காரர் பதினான்கு மாதம் யோசிக்கும் ஏற்பாட்டை அரசாங்கம்கூடக் கண்டுபிடிக்கவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை, சாப்பாட்டு மேஜையில் துண்டு விரித்து, பழையதையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தான்.

"அத்தை, நீங்க பாத்துச் சொல்லுங்க. ஒண்ணுக்கொண்ணு என்ன வித்தியாசம்?"

என் பழைய உருப்பெருக்கிக் கண்ணாடியைக் கண்ணில் சொருகிக்கொண்டு உட்கார்ந்தேன். இப்படிப்பட்ட வேலைக்கு என்னை யாரும் கெஞ்ச வேண்டியதில்லை.

பழையது சின்னது. இன்றைய இளைஞர்கள் பெண்கள் கடிகாரம் என்று சொல்லும் அளவு. புதியது ஒரு சுற்றுப் பெரியது, தடிமனும் கூட. பழையதன் மேல்கண்ணாடி பிளாஸ்டிக் வகை, நடுவில் மேடாக இருக்கும், உரசினால் கீறல் விழும், பல்பொடி வைத்துத் தேய்த்தால் போய்விடும். புதியதன் கண்ணாடி செயற்கை நீலக்கல், கீறவே கீறாது. ஒருநாள் விழுந்தால் மொத்தமாக நொறுங்கும். பழையதன் இரும்புச் செயின் தகட்டை மடித்துச் செய்தது, உள்ளே கூடு, கையை ஆட்டினால் சலசலக்கும். கொக்கி, உண்மையைச் சொன்னால், பிஸ்கட் டின் மூடியின் தரம். பழைய பொருள் என்றாலே உருகுகிறவர்கள் இந்தக் கொக்கியைப் பற்றிப் பேசமாட்டார்கள். புதியதன் செயின் கண்ணிக்குக் கண்ணி கட்டி இரும்பு. கொக்கி மூடும்போது விலை உயர்ந்த காரின் கதவுச் சத்தம். இருட்டில் தெரியும் முள்ளைப் பழையதில் எல்லோரும் ரேடியம் என்பார்கள். அது ரேடியம் இல்லை, அதைவிடச் சாதுவான கதிர்வீச்சுப் பொருள், அதுவும் செத்து, மஞ்சள் கரைத்துப் பூசியது போல் ஆகிவிட்டது. புதியதில் வெளிச்சம் குடித்து நீலமாக ஒளிரும் பூச்சு, கதிர்வீச்சு கிடையாது.

உள்ளே இயந்திரத்தில்தான் பெரிய வித்தியாசம். பழையது கையை விட்டுக் கழற்றினால் இரண்டு நாளுக்குள் நிற்கும். புதியது மூன்று நாள் தாங்கும். தட்டு சுழல்வதும் இப்போது அவ்வளவு லேசு. கொஞ்சம் அசைந்தாலே சுருள்வில் நிறைந்துவிடும். அது போதாதென்று, கடிகாரத்தை வைப்பதற்கு ஒரு தோல் பெட்டியையும் மருமகன் வாங்கியிருந்தான். சுவரில் சொருகினால் உள்ளே மோட்டார் ஓடி, ராத்திரி முழுக்கக் கடிகாரத்தைத் தொட்டில் போல் ஆட்டிக்கொண்டே இருக்கும்.

"அப்பா கை ஆடுனாலும் ஆடாட்டியும் இது ஓடுமுங்கத்தை," என்றான் பெருமையாக.

எல்லா வகையிலும் புதியதே மேல் என்று தீர்ப்புச் சொன்னேன். அது இன்றைக்கும் சரியான தீர்ப்புதான்.

அண்ணன் புதியதைக் கையில் கட்டிக்கொண்டார். கட்டிவிட்டது மகன். "கனமா இருக்குதே கண்ணு," என்றார். ஆனாலும் அவர் முகத்தில் ஒரு நிம்மதி வந்ததைப் பார்த்தேன். பரிசு வாங்குகிறவரின் மகிழ்ச்சி என்று எடுத்துக்கொண்டேன். பழையதை என் பக்கம் தள்ளினார். "நீயே வெச்சுக்க அம்மிணி. உன்ற கைல ஓடுதுல்ல."

நங்கையின் காலைப் போன் நின்றது. வீட்டில் எல்லோரும் அந்த விஷயத்தை மறந்தார்கள்.

பழையது என் கையில் ஓடியது. ஆடி, ஆவணி, புரட்டாசி. அறுபத்தெட்டு வயதுக்காரி நான், மூட்டுவலிக்காரி, காய்கறி வாங்கப் போவதைத் தவிரப் பெரிய நடமாட்டம் இல்லாதவள். என் கைக்கு நிற்காத கடிகாரம், விடிந்தால் கம்பெனி, அடைந்தால் வீடு என்று ஓடும் மனிதரின் கையில் ஏன் நின்றது? சமையலறையில் நின்றபடி ஒருநாள் இதைக் கேட்டுக்கொண்டேன். கேட்டதுமே அடுப்பை அணைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டேன். பத்து நாள் என் கையில் வைத்துச் சோதித்தேன். மூன்று வாரம் கடையில் வைத்துச் சோதித்தார்கள். அது நிற்கும் ஒரே இடத்தில் வைத்து யாரும் சோதிக்கவில்லை.

அடுத்த வாரம் குன்னத்தூர் பக்கம் ஒரு கல்யாணம். காரை நிறுத்திவிட்டு மண்டபம்வரை வெயிலில் நடக்க வேண்டியிருந்தது. வேண்டுமென்றே பத்தடி பின்னால் நடந்தேன். முன்னால் போன ஆண்கள் எல்லோர் கையிலும் கடிகாரம். கை வீச வீச அவை வெயிலில் பளிச் பளிச்சென்று மின்னின. அண்ணனின் புதுக்கடிகாரம் எல்லாவற்றையும்விடப் பெரியது, அது மின்னவில்லை. வலது கை முன்னும் பின்னும் போய் வந்தது. இடது கை முழங்கையில் லேசாக மடிந்து, யாரோ பார்த்துக்கொள்ளச் சொல்லிக் கொடுத்துவிட்டுப் போன பொருள்போல, வயிற்றோரம் அப்படியே இருந்தது. மண்டப வாசலில் சந்தனம் எடுக்க அவர் நீட்டியது வலது கை. பழக்கம் அதுதான். எல்லோருக்கும் அதுதான் பழக்கம், அதனால்தான் எவருக்கும் எதுவும் தெரியவில்லை.

பயம் எனக்கு வந்தது கல்யாணத்தில் இல்லை, திரும்பி வரும்போது. மருமகன் கார் ஓட்டிக்கொண்டே சொன்னான். "வர்ற வெள்ளிக்கெழம புது ஆர்டர் வெட்டறோம். அப்பாதான் மொதல் வெட்டு."

இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். அண்ணன் ஒற்றை மெஷினோடு ஆரம்பித்த காலத்திலிருந்தே அவர் கம்பெனியில் ஒரு வழக்கம். புது ஆர்டர் எதுவானாலும் முதல் அடுக்குத் துணியை அவர் கையால் வெட்ட வேண்டும். சூடம் காட்டி, எலுமிச்சம்பழம் வைத்து, அவர் வெட்டிய பிறகுதான் மற்ற மேஜைகளில் வேலை தொடங்கும். அந்தக் காலத்தில் கத்தரிக்கோல். இப்போது பேண்ட் நைஃப் மெஷின்: மேஜையின் நடுவே மேலிருந்து கீழாக ஒரு நாடா போல ஓடிக்கொண்டே இருக்கும் கத்தி. கத்தி இருக்கும் இடம் மாறாது. ஐம்பது அறுபது மடிப்புத் துணியை இரண்டு கையாலும் பிடித்துக் கத்திக்குள் தள்ளித் திருப்ப வேண்டும். வலது கை தள்ளும், இடது கை வழிகாட்டும். இடது கை கத்திக்கு இரண்டு விரற்கடை தூரத்தில் இருக்கும். அந்தக் கைக்கு இரும்பு வலைக் கையுறை போட வேண்டும் என்பது விதி. கையுறை ஆணியில் தொங்கும். ஆடிட் என்று வெளியாட்கள் பார்க்க வரும் அன்றைக்குக் கைக்கு வரும்.

வீடு வந்ததும் மருமகனைத் தனியே கூப்பிட்டேன்.

"கண்ணு, உங்கப்பாவுக்கு இடது கை சரியா அசையறதில்ல. வெள்ளிக்கெழம அவர மெஷின்ல விடாத."

"என்னங்கத்தை, வாட்ச்ச வெச்சுச் சொல்றீங்களா?" சிரித்தான். "புதுசு மூணு மாசமா ஒரு செகண்ட் நிக்கல."

"நிக்காது. அதுக்குத்தான் நீ மோட்டார் வெச்சுக் குடுத்திருக்கியே."

சிரிப்பு நின்றது. ஆனாலும் தலையை ஆட்டினான். "வயசாகுதுங்கத்தை, கொஞ்சம் சோர்வு. மொதல் வெட்டு வேண்டாம்னு அவருகிட்ட யாரு சொல்றது? நீங்க சொல்றீங்களா? நான் சொன்னா, கம்பெனிய எளுதி வாங்கறேன்னு நெனைப்பாரு."

மறுநாள் கம்பெனிக்குப் போனேன். கட்டிங் மாஸ்டர் திருநெல்வேலிப் பக்கத்துக்காரர், இருபது வருடமாக அண்ணனோடு இருப்பவர். துணி அடுக்குகளுக்கு நடுவே நிறுத்தி நேராகவே கேட்டேன். அவர் சுற்றுமுற்றும் பார்த்தார்.

"எனக்குத் தெரியும்மா. நாலு மாசமாத் தெரியும். போன ஆர்டருக்கு மொதலாளி கைய வச்சாரு, வச்ச எடத்துலயே இருக்கு. துணி போயிட்டு, கை வரல. நாந்தான் துணிய இழுக்குத மாதிரி அவரு கையத் தள்ளி விட்டேன். ஒரு நூலு எடவெளி. அன்னைக்கு ராத்திரி எனக்குச் சோறு எறங்கல."

"அவருக்குத் தெரியுமா, நீங்க தள்ளுனது?"

"தெரியாமயா இருக்கும்? என்னப் பாத்தாரு. ஒண்ணுஞ் சொல்லல. நானும் ஒண்ணுஞ் சொல்லல. மொதலாளிகிட்ட நான் என்னத்தம்மா சொல்லுதது?"

ஆக, தெரிந்தவர்கள் இரண்டு பேர் இருந்தார்கள். வாயைத் திறக்காதவர்களும் அவர்கள்தான். நான் மூன்றாவது ஆள், அதிகாரபூர்வமாகத் தாமதமாக வந்தவள்.

வியாழக்கிழமை காலை, நங்கை கோயிலுக்குப் போயிருந்த நேரம், அண்ணன் முன்னால் போய் உட்கார்ந்தேன். என் கையிலிருந்து பழைய கடிகாரத்தைக் கழற்றி மேஜையில் வைத்தேன்.

"ஏனுங்ணா, ரெண்டு நாளைக்கு இதைக் கட்டிக்குங்க. புதுச கழட்டி என்றகிட்டக் குடுங்க. ஒரு சோதனை."

அவர் அதைத் தொடவில்லை. ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பூனை உட்கார்ந்திருக்கும் நாற்காலியைப் பார்ப்பது போல.

"அத என்ற கைல கட்டாத அம்மிணி," என்றார். "அது சொல்லிக் குடுத்துரும்."

நான் எதிர்பார்த்தது மறுப்பை.

"எனக்குத் தெரியாதுன்னு நெனைச்சியா? சட்டைப் பொத்தான் போடக் கால் மணி நேரம் ஆகுது. உன்ற நங்கை எந்திரிக்கறதுக்கு முன்னாலயே எந்திரிச்சுப் போட்டுக்கறேன். அந்த வாட்ச் ஊட்டுக்குள்ள எல்லாருகிட்டயும் தெனமும் சொல்லிக்கிட்டே இருந்துச்சு, ஒருத்தருக்கும் வெளங்கல. நல்லவேளை, பையன் புதுசு வாங்கியாந்தான்."

"நானும் படிச்சேனுங்ணா. கை வீச்சு கொறஞ்சா நடுக்குவாதத்தோட ஆரம்பமா இருக்கலாம்னு போட்டிருக்குது. கையச் சும்மா வெச்சிருந்தா வெரலு தானா உருளுமாம். நரம்பு டாக்டரப் பாக்கோணும்."

"நடுக்குவாதமா?" இரண்டு கைகளையும் முன்னால் நீட்டிக் காட்டினார். இடது கை தாமதமாக வந்து சேர்ந்தது. ஆனால் இரண்டும் அசையாமல் நின்றன. "பாரு. நடுக்கம் எங்க இருக்குது? சும்மா ஒரு வெறைப்பு. அவ்வளவுதான்."

"அப்ப நாளைக்கு மெஷின்ல நிக்காதீங்க."

"நாளைக்கு ஒண்ணுதான். நாப்பது வருசமா நான் வெட்டாம ஒரு ஆர்டர் போனதில்ல. நாளைக்கு நிக்கலைன்னா சாயங்காலத்துக்குள்ள ஊரே பேசும். வெட்டி முடிச்சுட்டு, கையோட நீ சொல்ற டாக்டர்கிட்ட வாரேன். சத்தியமா. அதுவரைக்கும் பையனுக்குத் தெரிய வேண்டாம்."

நான் நிபந்தனை போட்டேன். எனக்குத் தெரிந்தது அது. கையுறை கட்டாயம். மாஸ்டர் பக்கத்தில். சுவிட்சில் ஓர் ஆள். அடுக்கு முப்பது மடிப்புக்கு மேல் கூடாது. நேர்க்கோட்டு வெட்டு மட்டும், வளைவு கிடையாது. ஒவ்வொன்றுக்கும் ஆமாம் ஆமாம் என்றார். பணிக்காலத்தில் சந்தேகத்துக்குரிய ஒரு பெட்டியைக்கூட நான் வெளியே விட்டதில்லை. அன்றைக்கு விட்டேன். நிபந்தனைகளோடு விடுவித்தால் அதற்குப் பெயர் பொறுப்பு என்று நானே எனக்குச் சொல்லிக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை காலை பத்து மணி. கட்டிங் அறையில் நாற்பது பேர். குளிர்கால ஆர்டர், கரும்பச்சைத் துணி. சூடம் காட்டினார்கள். மெஷினைப் போட்டதும் கத்தி மறைந்துபோய் ஒரு கோடு மட்டும் நின்றது. சத்தம் பெரிதாக இல்லை, தேனீக் கூட்டம் தூரத்தில் இருப்பது போல. பீகாரில் இருந்து வந்த ஒரு பெண், யாரும் கூப்பிடாமலே ஆணியிலிருந்து கையுறையை எடுத்து வந்து நீட்டினாள். "பாபுஜி, தஸ்தானா." மாஸ்டர் சொல்லி வைத்திருக்க வேண்டும். அண்ணன் மறுக்கவில்லை. மாட்டிவிட்டது அவள்தான். அப்பா கையுறை மாட்டுவதை அன்றுதான் பார்த்த மகன், என்னைத் திரும்பிப் பார்த்தான்.

அண்ணன் அடுக்கைப் பிடித்தார். முதல் அரை அடி சரியாகப் போனது. கூட்டத்தில் ஒருவர் கைதட்டத் தயாராகக் கையைத் தூக்கினார். அதற்கப்புறம் வலது கை தள்ளியது, இடது கை நின்றது. துணி ஒரு பக்கம் மட்டும் முன்னேறியதால் அடுக்கு மெதுவாகத் திரும்பியது. கோடு வெட்டுக்குறியை விட்டு விலகி, இடது கட்டைவிரல் இருந்த பக்கம் போக ஆரம்பித்தது. இரும்பு வலை நழுவும் கத்தியைத் தடுக்கும், அழுத்தித் தள்ளும் கையை எவ்வளவு நேரம் தடுக்கும் என்று எனக்குத் தெரியாது. எந்த விதிப்புத்தகத்திலும் அது எழுதியிருக்கவில்லை. மாஸ்டர் கையைத் தூக்கினார், ஆனால் தொடவில்லை. நாற்பது பேர் முன்னால் முதலாளியின் கையைத் தள்ள அவரால் முடியவில்லை. நான் சுவிட்சில் நின்ற ஆளைப் பார்த்தேன். அவர் சூடத்தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அண்ணன் தள்ளுவதை நிறுத்தினார். தன் இடது கையைப் பார்த்தார். வா என்று கூப்பிட்டுக் காத்திருக்கிறவர் மாதிரி பார்த்தார். அது வரவில்லை. பிறகு வலது கையால் அதன் மணிக்கட்டைப் பிடித்து, மேஜையிலிருந்து தூக்கி எடுத்தார். வலையில் ஒரு கண்ணி அறுந்து தொங்கியது.

"நீ வெட்டு," என்றார் மாஸ்டரிடம்.

"மொதலாளி..."

"வெட்டுப்பா. சாயந்தரத்துக்குள்ள முடியோணும்."

மகன் வந்து அப்பாவின் தோளைப் பிடித்தான். என்னைப் பார்த்த பார்வையில் கேள்வி இல்லை. அறுந்த கண்ணியைப் பார்த்துவிட்டான். கூட்டம் கைதட்டியது, எதற்கென்று தெரியாமல், வழக்கப்படி. மாஸ்டர் வெட்டத் தொடங்கினார். அந்த ஆர்டரின் முதல் அரை அடி மட்டும் அண்ணன் வெட்டியது. அதற்கு மேல் எந்த ஆர்டரிலும் இல்லை.

அப்படியே காரில் ஏறி, வீட்டில் நங்கையிடம் பொத்தான் விஷயம்வரை எல்லாம் சொல்லி அவரையும் ஏற்றிக்கொண்டு, கோயம்புத்தூர் நரம்பு டாக்டரிடம் கிளம்பினோம். மகன் ஓட்டினான், நங்கை முன்னால், நானும் அண்ணனும் பின்னால். சோமனூர் தாண்டினோம். தறிச் சத்தம் வந்தது, போனது. நங்கை ஒரு தடவை திரும்பி, "பொத்தான் போட முடியலைன்னா என்னக் கூப்பிடறதுக்கு என்ன?" என்றார். கோபமாகத்தான் சொன்னார்.

அண்ணன் இடது கையை மடியில் எடுத்து வைத்திருந்தார். வலது கை முழங்காலின் மேல். கொஞ்ச நேரம் கழித்து என் பக்கம் சாய்ந்து மெல்லப் பேசினார்.

"ஒரு கைதானே அம்மிணி. சோத்துக் கை நல்லாத்தான் இருக்குது. கையெழுத்துக்கு ஆச்சு, சோத்துக்கு ஆச்சு. அது போதும்."

ஆமாம் என்று சொல்லத்தான் அவர் வலது கையைப் பார்த்தேன். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் ஒன்றின்மேல் ஒன்று மெதுவாக உருண்டுகொண்டிருந்தன. பனியன் ஊரில் எல்லோர் கையும் செய்கிற காரியம், துணியின் பதம் பார்ப்பது. நான் கையைத் தாண்டி அவர் வேட்டியைப் பார்த்தேன். விரல்களுக்கு இடையே வேட்டியின் மடிப்புகூட இல்லை.

"என்னங்ணா தேச்சுக்கிட்டு இருக்கறீங்க?"

"தேய்க்கறனா?" அவர் ஜன்னல் பக்கம் பார்த்தபடியே சொன்னார். "நான் ஒண்ணும் தேய்க்கலையே."